சந்திரா வரும் நேரம்

அந்த பிளாக்கில் இருந்த பெண்களுக்குக் கடிகாரம் ஒரு அலங்காரப் பொருள்தான். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் சங்கு ஊதிவிடும். அது போதாதென்று ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பிற்பகல் மூன்று மணிக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். நிலக்கரியை மூடிக் கிடக்கும் கெட்டிப் பாறையை உடைப்பதற்காக வைக்கிற வெடி. முதலில் சைரன் நீளமாக இழுத்து ஊதி அடங்கும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு, பக்கத்து வீட்டில் யாரோ பீரோவைக் கீழே தள்ளிவிட்ட மாதிரி 'தொம்' என்று ஒன்று வரும். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒரு தரம் கலகலத்து அடங்கும்.

பொன்னம்மாள் உடனே, "வெடி போட்டாச்சு, காபி போடணும்" என்பாள்.

கேட்க ஆள் இருந்தாலும் சொல்வாள், இல்லாவிட்டாலும் சொல்வாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த நாளிலிருந்து அவள் வாயில் ஊறிப்போன வார்த்தை அது. அவள் புருஷன் மாடசாமி சுரங்கத்தில் பெரிய மெஷின் ஓட்டுகிறவர். ஷிஃப்ட்டுக்குப் போய்விடுவார், இல்லையென்றால் தூங்குவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். சுவரோடு பேசுவதற்குப் பொன்னம்மாளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

எதிர் வீட்டுக்குச் சந்திரா குடிவந்தது எழுபத்தாறாம் வருஷம் தை மாசம். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்ச்சுருள், நடுத்தர வயதில் ஒரு ஆள், அவருக்குப் பின்னால் மஞ்சள் நிறமும் சின்னஞ்சிறிய கண்களுமாக ஒரு பெண். கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், கட்டத் தெரியாமல் கட்டிய நூல் புடவை. மூன்றாம் வீட்டு ராஜாம்பாள் அரை மணி நேரத்தில் பிளாக் முழுக்க நேப்பாளத்துக்காரி வந்திருக்கிறாள் என்று அறிவித்துவிட்டாள். ராஜாம்பாள் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. தெரியாத விஷயத்தைத் தெரிந்ததைவிட உறுதியாகச் சொல்லக்கூடியவள்.

உண்மை என்னவென்றால் அவர்கள் சைகோனிலிருந்து வந்தவர்கள். சோமசுந்தரத்துக்குத் தேவகோட்டைப் பக்கம். சின்ன வயதிலேயே கப்பலேறி, அங்கே ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, அந்த ஊர் மாரியம்மன் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அவள் சொந்தப் பெயருக்கு நிலா என்று அர்த்தமாம். அந்தப் பெயர் நம்மவர்கள் வாயில் நுழையாது என்று அன்றைக்கே சந்திரா ஆக்கிவிட்டார். அங்கே சண்டை முடிந்து ஆட்சி மாறியதும் கடை போயிற்று. ஊர் திரும்பினார்கள். ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் நெய்வேலியில் வேலை பார்த்தான். அவன் டிரெய்னிங் என்று வடக்கே போகும்போது குவார்ட்டர்ஸ் சாவியை அண்ணனிடம் கொடுத்தான். சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் வேலைக்கும் சொல்லிவிட்டுப் போனான். வெடி வைக்கும் செக்ஷனில் வேலை. சைரன் ஊதியதும் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு வழியில் நின்று ஆட்களை அப்பால் போகச் சொல்ல வேண்டும். பேனா பிடித்த கை கொடி பிடித்தது. அதைப் பற்றிச் சோமசுந்தரம் யாரிடமும் அலுத்துக்கொண்டதில்லை.

குழந்தை குட்டி இல்லை. அவர் வேலைக்குப் போய்விட்டால் சந்திரா தனிதான்.

வந்து ஒரு வாரம் இருக்கும். முகம் வாடி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பொன்னம்மாளிடம் கேட்டாள். "அக்கா, இந்தத் தெருவில் யாருக்கு ரொம்ப உடம்பு சரியில்லை?"

"ஏன் கேக்க?"

"காலையில் எல்லாரும் மெதுவா பேசறாங்க. குழந்தை அழுதா தூக்கிட்டுப் பின்பக்கம் ஓடறாங்க. யாரோ சாகப் போறாங்க இல்லையா?"

பொன்னம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாகவுமில்ல, ஒண்ணுமில்ல. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த ஆம்பளைங்க தூங்குதாங்க. எழுப்பிவிட்டா யாரு பேச்சு வாங்குறது?"

சந்திராவின் சின்னக் கண்கள் விரிந்தன. உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு தட்டினாள். "ஆ... ஹெங் யீ!"

அதைச் சொன்ன விதம்தான் பொன்னம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. நமக்கு ஒரு விஷயம் சட்டென்று பிடிபட்டால் குரல் மேலே ஏறும். "அட!" என்று கூரையைப் பார்ப்போம். அவளுக்குக் குரல் கீழே இறங்கியது. சுமையை மெதுவாகத் தரையில் இறக்கி வைக்கிற மாதிரி ஒரு 'ஆ', அதற்கும் கீழே ஒரு 'ஹெங் யீ'. அன்றைக்குப் பிறகு சந்திரா காலை வேளையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தாள். கதவைத் தட்டினாலும் விரல் நுனியால் தட்டுவாள்.

ஆடி மாசம் இன்னொன்று நடந்தது. பக்கத்து வரிசையில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, விஜயகுமாரி என்று பெயர், பெட்டியோடு காடாம்புலியூருக்குத் தாய் வீடு போனாள். சந்திரா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் விரட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாளாம். ஆடியில் புதுப்பெண்ணை அப்படித்தான் அனுப்புவார்கள், மாசம் முடிந்தால் வந்துவிடுவாள் என்று பொன்னம்மாள் சொன்னதும் "ஆ... ஹெங் யீ!" என்று தொடையில் தட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றது.

"அக்கா, அதனால்தான்! அந்த மாப்பிள்ளை நேத்து சாயங்காலம் மல்லிப்பூப் பொட்டலத்தை டிபன் கேரியரில் ஒளிச்சு வைச்சுட்டு பஸ் ஏறினார். பண்ருட்டி பஸ்."

"அடப்பாவி! செகண்ட் ஷிஃப்ட்டுன்னுல்ல அவன் ஆத்தாகிட்ட சொல்லிட்டுப் போனான்!"

இரண்டு பேரும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நைட் ஷிஃப்ட்காரர்கள் தூங்குகிற நேரம்.

அந்த வார்த்தை பிளாக்கில் பரவியது. பிள்ளைகள் கண்ணாமூச்சியில் ஆளைக் கண்டுபிடித்தால் "ஹெங் யீ!" என்று கத்தின. மாடசாமிகூட ஒரு நாள் சைக்கிள் ஏன் இழுக்கிறது என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டி, செயினில் பாவாடை நாடா சுற்றியிருப்பதைக் கண்டதும் "ஹெங் யீ" என்று முனகினார். ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது சோமசுந்தரம் விளக்கம் சொன்னார்.

"அவங்க பேச்சுல அதுக்கு ரெண்டு மூணு இருக்கு தங்கச்சி. தெரியாதது ஒண்ணு தெரிஞ்சா 'ஆ, ரா யெய்'னு சொல்லுவாங்க, 'ஓகோ, இப்படியா'ங்கிற மாதிரி. ரொம்ப நாளா மனசுல முள்ளாட்டம் கிடந்தது எதுனாலன்னு தெரிஞ்சுபோச்சுன்னா 'ஹெங் யீ'. நம்மாளுங்க 'அதான பாத்தேன்'னு சொல்றோமே, அதுதான்."

சந்திரா தலையை ஆட்டினாள். "அது இல்லை. அக்கா 'அதான பாத்தேன்' சொன்னா முகம் வேற மாதிரி இருக்கு."

"எப்படி இருக்கு?" என்றாள் பொன்னம்மாள்.

"திருடனைப் பிடிச்ச மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னம்மாள்தான் ரொம்பச் சிரித்தாள். உண்மையாகவே அவளுக்கு அந்தப் பெண்ணின் மேல் உயிர்.

சந்திராவிடம் ஒரே ஒரு வழக்கம் விசித்திரமாக இருந்தது. தினமும் பிற்பகல், வெடிக்குக் கொஞ்சம் முன்னால், விரல் நுனியால் கதவைத் தட்டுவாள். கையில் ஒரு சின்ன டம்ளர். "அக்கா, கொஞ்சம் சர்க்கரை." மறுநாள் கொஞ்சம் புளி. அதற்கு மறுநாள் நாலு மிளகாய். ஒரு நாள் ஊசியும் நூலும். வாங்கிக்கொண்டு போய்விட மாட்டாள். அடுப்படி வாசலில் காலை மடக்கி உட்காருவாள். வெடி வைத்து, தட்டுகள் கலகலத்து, பொன்னம்மாள் "வெடி போட்டாச்சு, காபி போடணும்" என்று எழுந்தால் சந்திராவும் முகம் மலர்ந்து எழுந்து லீக்கோ கரி அடுப்பை விசிறிக் கொடுப்பாள். ஆளுக்கு ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போவாள். வாங்கினதை மறுநாள் தவறாமல் திருப்பிக் கொடுப்பாள். வெறும் டம்ளராகக் கொடுத்ததே இல்லை. கொல்லைப்பக்கம் அவள் போட்டிருந்த பாத்தியிலிருந்து புதினாவோ, பெயர் தெரியாத ஒரு வாசனைத் தழையோ மேலே செருகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டாள். புருஷன் வீட்டில் இருப்பதனால் என்று பொன்னம்மாள் நினைத்துக்கொண்டாள்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஒரு மழை நாளில் வினை வந்தது.

சந்திரா வீட்டு ஓட்டுச் சாய்ப்பில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சாமான்களை நகர்த்திவைக்கப் பொன்னம்மாளும் ராஜாம்பாளும் போனார்கள். அடுப்படியில் ஒரு தகர டப்பாவைத் தூக்கினாள் பொன்னம்மாள். கனத்தது. திறந்து பார்த்தால் கழுத்து வரைக்கும் சர்க்கரை. பக்கத்து ஜாடியில் புளி, உருண்டை உருண்டையாக. மிளகாயும் அப்படியே. முந்தின நாள்தான் "அக்கா, சர்க்கரை தீர்ந்துபோச்சு" என்று டம்ளரோடு வந்திருந்தாள்.

ராஜாம்பாள் பார்த்துவிட்டாள். வெளியே வந்ததும் தொடங்கினாள். "பாத்தியாக்கா? அவ வூட்டுல கொட்டிக் கெடக்குது. ஒன் வூட்டுக்கு வந்துகினே இருக்கா, சர்க்கரைக்கு, மொளகாய்க்குன்னு. எதுக்குங்கற? காப்பிக்கு! ரெண்டு வருஷமா ஓசிக் காப்பி குடிச்சிகினு, ஒன் வூட்டுல என்னா கீது, யாரு வரா, யாரு போறா, எல்லாத்தையும் நோட்டம் வுட்டுகினு இருந்துருக்கா."

பொன்னம்மாள் நடு ரோட்டில் நின்றாள். மனசுக்குள் ஏதோ டக்கென்று சேர்ந்துகொண்டது.

"அதான பாத்தேன்!" என்றாள்.

காபித்தூளுக்காக அவள் வருத்தப்படவில்லை. சர்க்கரைக்காகவும் இல்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் தினம் ஒரு சொம்புக் காபிகூடக் கொடுத்திருப்பாள். கூசாமல் ஒரு பொய்யைத் தினம் கையில் டம்ளராகப் பிடித்துக்கொண்டு வந்தாளே, நம்மை எவ்வளவு அசடு என்று நினைத்திருந்தால் அப்படிச் செய்வாள் என்பதுதான் அவளைச் சுட்டது. பிரியம் வைத்த இடத்தில் ஏமாந்தால் மனுஷிக்குக் கோபம் இரட்டிப்பாகத்தான் வரும்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வழக்கமான நேரத்துக்கு விரல் நுனிச் சத்தம் கேட்டது. பொன்னம்மாள் மூச்சுக்காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தரம் தட்டல். பிறகு "அக்கா தூங்கறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குரல், செருப்பில்லாத காலடி. சைரன் ஊதியது. 'தொம்'. "வெடி போட்டாச்சு" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அன்றைய காபி அவளுக்குக் கசந்தது. சர்க்கரை போட மறந்திருந்தாள்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. வழியில் பார்த்தால் சந்திரா சிரித்தாள். பொன்னம்மாள் "தலைவலி", "வேலை" என்று ஒற்றை வார்த்தையில் முடித்தாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம் என்று பொன்னம்மாளுக்கு அதற்கும் ஆத்திரம் வந்தது.

அப்புறம் சுரங்கத்தில் வெடி நேரத்தை மாற்றினார்கள். இனிமேல் மூன்று மணிக்கில்லை, காலை பத்தரைக்கு. "கொஞ்ச நாளைக்குக் காலையில தட்டு சத்தம் போட்டா பூனை வந்துட்டுன்னு அலறாத" என்று மாடசாமி முந்தின நாளே சொல்லி வைத்தார். பொன்னம்மாள் காதில் வாங்கினாள், மறந்தாள்.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, உலை கொதிக்கிற நேரத்தில், கதவில் விரல் நுனிச் சத்தம். கீரைக்காரி என்று திறந்தாள். சந்திரா. கையில் டம்ளர்.

"அக்கா, கொஞ்சம் வெந்தயம்."

மூணு மணிக்குக் கதவைச் சாத்தினால் பத்து மணிக்கு வருகிறாளா! இவளைவிடக் கெட்டிக்காரி உண்டா என்று பொன்னம்மாளுக்குப் பொங்கியது. வெந்தயத்தை வாசலிலேயே கொட்டிக் கொடுத்து, "அடுப்புல வேலை கெடக்கு" என்று கதவைச் சாத்தினாள். செவ்வாய்க்கிழமை திறக்கவே இல்லை. ஜன்னல் வழியாகவே "இப்ப முடியாது" என்றாள். புதன்கிழமை விரல் தட்டியது, இவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சந்திரா வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் சோமசுந்தரம் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். ஆள் இளைத்திருந்தார்.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் தங்கச்சி. நாங்க பாண்டிச்சேரிக்குப் போறோம்."

"கோயிலுக்கா அண்ணாச்சி?"

"இல்ல, ஒரேயடியா. அங்க சைகோன்லேர்ந்து வந்த ஜனங்க நிறைய இருக்காங்க. தெரிஞ்சவர் கடையில கணக்கெழுதக் கூப்பிடுறார்."

"வேலை பர்மனென்ட் ஆகப்போகுதுன்னு அவிய சொன்னாகளே?"

"ஆகும்னுதான் சொல்றாங்க." அவர் தரையைப் பார்த்தார். "என்ன செய்யறது? சந்திரா சாப்பிட மாட்டேங்கறா. ராத்திரி எல்லாம் முழிச்சிருக்கா. கேட்டா ஒண்ணுமில்லேங்கறா. அவ பாஷையில பேச ஒரு ஆள் இல்லாம ஏங்கறா போலிருக்கு. தாய் தகப்பனை விட்டுட்டு என்னை நம்பி வந்தவ இல்ல, அவளுக்கு யாருமே இல்லாமதான் வந்தா. அவளையும் நான் தொலைச்சுட்டா எனக்கு யார் இருக்கா? வேலை கிடக்கட்டும்."

"அவளே போகணும்னு சொன்னாளா?"

"'உங்க இஷ்டம்'னு சொன்னா."

போகும்போது திரும்பி, "உன்கிட்டதான் ஒட்டுதலா இருந்தா. முடிஞ்சா ஒரு வார்த்தை பேசிப் பாரு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. தான் கதவைச் சாத்தின கதையைச் சந்திரா அவரிடம் சொல்லவில்லை என்று பொன்னம்மாளுக்குப் புரிந்தது. ராத்திரி அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. போகட்டும், பொய்க்காரிதானே என்று நினைத்துப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாயிற்று. மாடசாமி முதல் ஷிஃப்ட். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. பொன்னம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தன்னையறியாமல் எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். சந்திரா வரும் நேரம்.

கை தாழ்ப்பாளிலேயே நின்றது.

சந்திரா வரும் நேரமா? அவள் வரும் நேரம் மூன்று மணி அல்லவா? இரண்டு வருஷமாக அதுதானே அவள் நேரம். அது எப்படிப் பத்தேகாலுக்கு மாறிற்று? காபிக்கு வருகிறவள் என்றால் உலை கொதிக்கிற நேரத்தில் ஏன் வருகிறாள்? பத்தேகாலுக்கு இந்த வீட்டில் யாரும் காபி போட்டதில்லையே.

அப்போது சைரன் ஊதத் தொடங்கியது. நீளமாக, இழுத்து.

மூன்று மணியிலிருந்து பத்தரைக்கு மாறியது இந்த உலகத்தில் வேறு என்ன? ஞாயிற்றுக்கிழமை எது கிடையாதோ, அன்றைக்குத்தானே அவளும் வந்ததில்லை!

"ஆ..." என்றாள் பொன்னம்மாள். குரல் அடிவயிற்றுக்கு இறங்கியது. "ஹெங் யீ."

உலையை அப்படியே விட்டாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். செருப்பு போடவில்லை. தெருவைக் கடந்து எதிர்க் கதவைத் தள்ளியபோது அது வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் பாதி கட்டிய டிரங்குப் பெட்டிகள். அடுப்படியில், சுவருக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் சந்திரா குறுகி உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டியிருந்த கையில் அந்தச் சின்ன டம்ளர் இருந்தது. வருவதற்கு எடுத்திருக்கிறாள், வராமல் உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். சைரன் அடங்கியது. ஒன்றுமில்லாத அந்தக் கொஞ்ச நேரம் இவ்வளவு நீளம் என்று பொன்னம்மாளுக்கு இத்தனை வருஷத்தில் தெரியாது.

'தொம்.'

தட்டுகள் கலகலத்து அடங்கின. சந்திரா பொன்னம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல, தாயி?"

"வெடி போட்டாச்சு... அது. சொல்லுங்க."

பொன்னம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். சந்திரா தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"அப்போ எனக்குக் கல்யாணம் இல்லை. ஊரில் தினம் குண்டு விழும். அம்மா பக்கத்து ரூமில் துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. சைரன் வந்தது. பெரிய சத்தம் வந்தது. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். பேசலே. தெருவில் கூப்பிட்டேன். யாரும் பேசலே." டம்ளரைத் தரையில் வைத்தாள். "எனக்குச் சத்தம் பயம் இல்லை அக்கா. சத்தத்துக்கு அப்புறம் யாரும் பேசலேன்னா, அதுதான் பயம். இங்க வந்து ரெண்டாவது நாள், வெடி சத்தம் வந்தது. நான் இந்த இடத்தில் உட்கார்ந்தேன். அப்போ உங்க வீட்டு ஜன்னலிலேர்ந்து 'வெடி போட்டாச்சு, காபி போடணும்'னு கேட்டது. சண்டை இல்லை, யாரும் சாகலே, அக்கா காபி போடறாங்க. தினம் அதைக் கேக்கத்தான் வந்தேன். சும்மா வந்து உட்கார வெக்கமா இருந்தது. அதுக்குத்தான் டம்ளர்."

"அண்ணாச்சிகிட்ட சொல்லப்படாதா, பைத்தியக்காரி?"

"அவர் வேலையே அதுதான். கொடி பிடிச்சாத்தான் எங்களுக்குச் சோறு. சொன்னா அன்னிக்கே கொடியைக் கீழே போட்டுட்டு வந்துடுவார். சொல்லாதீங்க அக்கா."

பொன்னம்மாளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் தான் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்த அத்தனை பிற்பகலும் கண்முன்னால் வந்தன. சத்தத்துக்கு அப்புறம் பேசாமல் இருந்தவள் அவள்தானே. "மன்னிச்சுக்கோ" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பெண் கேட்டது அதை இல்லையே. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், தினம் சொல்கிற அதே அலுப்போடு, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்:

"வெடி போட்டாச்சு. காபி போடணும்."

சந்திரா நீளமாக மூச்சு விட்டாள். எழுந்து தன் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்குக் காலை பத்தேமுக்காலுக்கு அந்த பிளாக்கில் ஒரு வீட்டில் காபி மணத்தது, எதிர் வீட்டில் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. ராஜாம்பாள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினாள். பொன்னம்மாள் வெளியே வந்து அவளைப் பார்த்த பார்வையில், கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு டம்ளர் வேலை இல்லாமல் அலமாரியில் ஏறியது. ஒரு நாள் இவள் அங்கே போவாள், ஒரு நாள் அவள் இங்கே வருவாள். பொன்னம்மாள் தன் சமையல் நேரத்தையே முன்னால் தள்ளிவைத்துக்கொண்டாள். காலையில் எதற்கு இரண்டாவது காபி என்று கேட்ட மாடசாமியிடம், "உங்க மைன்ஸ்காரங்க மாத்தினா நாங்களும் மாத்துவோம்" என்றாள்.

ஒரு வாரம் கழித்துச் சோமசுந்தரம் வாசலில் வந்து நின்றார். முகத்தில் அவருக்கே நம்பிக்கை வராத ஒரு சந்தோஷம். டிரங்குப் பெட்டிகளைத் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளியாயிற்றாம். பாண்டிச்சேரி வேண்டாம், இங்கேயே இருக்கலாம் என்று சந்திராவே சொல்லிவிட்டாளாம். ராத்திரி தூங்குகிறாளாம். சாப்பிடுகிறாளாம்.

"இவ்வளவு நாளா நான் கேட்டும் மசியாதவ. அப்படி என்னதான் சொன்ன தங்கச்சி அவகிட்ட?"

பொன்னம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அடுப்படி வாசலில் காலை மடக்கி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சந்திரா தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கை நின்றிருந்தது.

"நான் என்ன அண்ணாச்சி சொல்லப்போறேன்," என்றாள் பொன்னம்மாள். "காபி போடணும்னு சொன்னேன்."